மீனின் உடல் வேகத்துக்காக மட்டும் அமைந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மீன்களின் உடலமைப்பைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். மாணவர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்குப் படங்கள் தெளிவாக இருந்தன. அதற்கு முதலில் என் பாராட்டு. ஆனால், "மீனின் உடல் இரு முனைகளிலும் கூம்பிய படகு வடிவம் கொண்டது, எனவே அது விரைவாக நீந்துகிறது" என்று தொடங்கிய அக்கட்டுரை, மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் என்றும், பெட்டி மீனின் உடல் நீரைக் கிழித்துச் செல்வதில் மிகச் சிறந்தது என்பதால் அதைப் பார்த்துக் கார் வடிவமைத்தார்கள் என்றும் சொல்லி முடிந்தது. வெவ்வேறு செய்திகளைப் போலத் தோன்றினாலும் இம்மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: மீனின் உடல் வேகத்துக்காகவே வார்க்கப்பட்டது என்னும் எண்ணம். விலங்கியல் வகுப்பில் பல ஆண்டுகள் இதே வரியை நானும் சொல்லிக்கொடுத்தவன், பிறகு திருத்திக்கொண்டவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஒரு மீனின் உடலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அது எவ்வளவு வேகமாக நீந்தும் என்று கேட்பதைவிட, எதை, எங்கே, எப்படிப் பிடித்துத் தின்கிறது என்று கேட்பதே சரியான தொடக்கம்.

முதலில் படகை எடுத்துக்கொள்வோம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் நகரும் எதுவும் அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கூரான மூக்கு இருந்தால் எதிர்ப்பு குறைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், உடலைக் கடந்து போகும் நீர் பின்புறத்தில் பிய்ந்து சுழல்களாக மாறிவிடாமல், உடலோடு ஒட்டியபடியே வழிந்து ஒன்றுசேர்வதுதான் முக்கியம். அதற்குப் பின்பகுதி மெல்ல மெல்ல ஒடுங்க வேண்டும். நெடுந்தூரம் நீந்தும் மீன்களின் முன்பகுதி உருண்டு பருத்தும், பின்பகுதி நீண்டு ஒடுங்கியும் இருப்பது அதனால்தான். குறிப்பிட்ட பருமனுள்ள ஓர் உடலைக் குறைந்த எதிர்ப்போடு நீருக்குள் நகர்த்த, அதன் நீளம் அதன் தடித்த இடத்தின் குறுக்களவைப் போல் 4.5 மடங்கை ஒட்டி இருப்பது நல்லது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 16 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த மேத்யூ பேக்கர் என்ற கப்பல் கட்டுநர், ஒரு கப்பலின் அடிப்பகுதியை வரைந்து, அதற்குள்ளேயே ஒரு மீனின் உருவத்தைப் பொருத்திக் காட்டினார். நாம் படகைக் காட்டி மீனை விளக்குகிறோம். படகு கட்டியவர்களோ மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கணக்குக்கு மிக நெருங்கி வருவது சூரை. ஆய்வுக்கூட மேசையில் ஒரு சூரையைக் கிடத்தி, தலையிலிருந்து வாலை நோக்கிக் கையை ஓட்டிப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். முதுகுத் துடுப்பு மடங்கி ஒரு பிளவுக்குள் போய் மறைந்துவிடும். மார்புத் துடுப்பு பக்கவாட்டில் அதற்கென்றே அமைந்த ஆழமில்லாத பள்ளத்தில் படிந்துகொள்ளும். கண்கூடத் தலையின் மேற்பரப்போடு சமமாக இருக்கும். கை வாலை நெருங்கும்போது உடல் இரண்டு விரல்களுக்குள் அடங்கும் அளவுக்கு மெலிந்துவிடும். அந்த இடத்தின் இரு பக்கங்களிலும் கெட்டியான மேடு ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதற்கு அப்பால் பிறை வடிவில் விறைப்பான வால். உடல் பெரும்பாலும் ஆடாமல் நிற்க, வால் மட்டும் வீசும்படியான அமைப்பு இது. சூரை தின்பது சிறு மீன் கூட்டங்களையும் கணவாய்களையும். திறந்த கடலில் அவை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே வெறும் நீர்தான். ஆகவே சூரையின் உடல் அடிப்படையில் நெடும்பயணத்துக்கான உடல். அதன் சிவந்த தசை, சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக இருக்கும்படி இரத்தக் குழாய்கள் எதிரெதிராகப் பின்னி அமைந்திருப்பதும் இதன் ஒரு பகுதியே.

இந்த உடலுக்கு ஒரு விலையும் உண்டு. வாயைத் திறந்தபடி முன்னோக்கி நீந்தினால்தான் சூரையின் செவுள்கள் மேல் போதிய நீர் பாயும். நின்றால் மூச்சு முட்டிவிடும். பின்னோக்கி நகர்வதற்கும், பாறை இடுக்கில் திரும்புவதற்கும், ஓரிடத்தில் அசையாமல் மிதப்பதற்கும் அந்த உடல் உதவாது. மேக்கோ என்னும் சுறாவுக்கும் ஏறக்குறைய இதே வடிவமும், இதே மெல்லிய வாலடியும், சூடான தசையும் இருக்கின்றன. இவ்விரண்டின் மூதாதையரும் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவர்கள். நெருங்கிய உறவு இல்லாத இருவர் ஒரே தொழிலைச் செய்ததால் ஒரே உடலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பால் வெப் என்ற உயிரியலாளர் 1984 இல் மீன்களின் உடல்களை ஒரு முக்கோணமாகப் பார்க்கும் வழியை முன்வைத்தார். ஒரு முனையில் சூரையைப் போல ஓயாமல் பயணம் செய்பவை. இன்னொரு முனையில் நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாய்பவை. மூன்றாம் முனையில் நுணுக்கமாகத் திரும்பித் திரும்பி நகர்பவை. ஒன்றில் உச்சத்துக்குப் போகும் உடல் மற்ற இரண்டில் பின்தங்க வேண்டியிருக்கும். பெரும்பாலான மீன்கள் முக்கோணத்தின் நடுவே எங்கோ சமரசமாக வாழ்கின்றன. படகு வடிவம் என்ற ஒற்றைச் சொல் முதல் முனையை மட்டுமே சொல்கிறது.

இரண்டாம் முனைக்குச் சீலாவும், நன்னீரில் பைக் என்னும் மீனும் நல்ல எடுத்துக்காட்டுகள். பைக்கின் முதுகுத் துடுப்பும், சீலாவின் இரண்டாம் முதுகுத் துடுப்பும், இரண்டின் மலப்புழைத் துடுப்பும் உடலின் நடுவில் இல்லாமல் வாலை ஒட்டிப் பின்னால் ஒதுங்கியிருப்பதைக் கவனியுங்கள். அம்பின் பின்புறத்தில் இறகு கட்டியிருப்பதைப் போன்ற தோற்றம் அது; ஆனால் அதன் வேலை வேறு. வாலும், முதுகிலும் அடியிலும் உள்ள இவ்விரு துடுப்புகளும் சேர்ந்து பின்புறத்தில் ஓர் அகன்ற பரப்பாகி, உடல் ஒருமுறை வளைந்து நிமிரும்போது பெருமளவு நீரை ஒரே தள்ளாகத் தள்ளிவிடுகின்றன. நீண்டு ஒடுங்கிய உடலுக்கு இன்னொரு பயனும் உண்டு. நேர் எதிரே இருக்கும் இரைக்கு அந்த உடல் ஒரு சிறிய வட்டமாக மட்டுமே தெரியும். அது வளர்வதாக இரை உணர்வதற்குள் தூரம் குறைந்துவிடும். பாய்ச்சல் தவறினால் இவை பெரும்பாலும் நெடுந்தூரம் துரத்துவதில்லை. துரத்துவதற்கான உடல் அதுவன்று.

மூன்றாம் முனையைப் பார்க்க ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு ஏஞ்சல் மீனும் போதும். பக்கவாட்டில் தட்டையாகவும் மேலும் கீழும் உயர்ந்தும் இருக்கும் அதன் உடல் நெடும்பயணத்துக்குச் சற்றும் பொருந்தாது. ஆனால் நீருக்குள் ஒரு கொசுப்புழுவை விட்டுப் பார்த்தால் அந்த உடலின் அருமை தெரியும். மீன் நெருங்கி வந்து, மார்புத் துடுப்புகளை முன்னோக்கி விசிறித் தன்னை நிறுத்திக்கொள்ளும். முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல் நீரில் தொங்கியபடி, புழு நெளியும் பக்கமெல்லாம் உடலைச் சாய்த்துச் சாய்த்துச் சரிசெய்யும். பிறகு வாய் சட்டென்று ஒரு குழலைப் போல முன்னே நீண்டு உள்ளிழுத்துக்கொள்ளும், புழு காணாமற்போகும். உயர்ந்த தட்டை உடல் ஓர் அச்சைப் போல நின்று, இருபுறமும் துடுப்புகள் தள்ளும்போது நின்ற இடத்திலேயே திரும்ப உதவுகிறது. பவளப்பாறைகளில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள், இடுக்குக்கு இடுக்கு நின்று பவளத்தின் சிற்றுயிர்களையும் புழுக்களையும் கொத்தி எடுப்பது இதே போன்ற உடலைக் கொண்டுதான்.

வாய் நீண்டு இரையை உறிஞ்சியதாகச் சொன்னேன். தங்கள் கட்டுரை வாயைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. மீன்கள் இரையைப் பிடிக்கும் வழிகளில் மிகப் பரவலானது இந்த உறிஞ்சல்தான். வாயறை திடீரென விரியும்போது வெளியிலிருக்கும் நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. ஆனால் இந்த இழுப்பு எட்டும் தூரம் மிகக் குறைவு. வாயின் அகலத்துக்குச் சமமான தூரத்தைத் தாண்டினாலே பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆகவே உறிஞ்சிப் பிடிக்கும் மீன் இரைக்கு மிக அருகே வந்து நிற்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நிற்பதற்குத் தடுப்பு வேண்டும், தடுப்புக்குத் துடுப்பு வேண்டும். கலவா போன்ற மீன்களின் பெருந்தலையும் அகன்ற வாயும் வட்டமான வாலும் ஒரே உடலில் சேர்ந்து வருவது தற்செயலன்று. மாறாக, கானாங்கெளுத்தி உணவுக்காக நிற்பதே இல்லை. வாயை அகலத் திறந்துகொண்டு நீந்திப் போகும்போது செவுள் முட்கள் சல்லடையாகி நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துக்கொள்கின்றன. ஓடும் உடலே அங்கே வலையாகிவிடுகிறது.

வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் உடலோடு ஒட்டிய செய்தி. ஒரே குளத்தில் வாழும் மூன்று கெண்டை இனங்களைப் பாருங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. மேல்மட்ட நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை அது தின்கிறது. ரோகு நடுமட்டத்தில் மேய்கிறது. மிர்காலின் வாய் கீழ்நோக்கியது. அது அடித்தளச் சேற்றைத் துழாவுகிறது. நீர்ப்பரப்புக்கு மேலே இலையில் இருக்கும் பூச்சியை நீர்த்தாரை பீய்ச்சி வீழ்த்தும் வில்லாளி மீனின் முதுகு, முகத்திலிருந்து முதுகுத் துடுப்புவரை ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். நீர்மட்டத்தை ஒட்டி நின்று மேலே குறிபார்க்க அது வசதி.

அடித்தள மீன்களைப் பற்றிய பத்தியில் திருக்கையையும் நாக்கு மீனையும் "தட்டை மீன்கள்" என்று ஒரே வரியில் சேர்த்திருந்தீர்கள். இரண்டும் மணலில் படுத்திருப்பவை என்பது உண்மை. ஆனால் படுத்த விதம் வேறு. திருக்கை மேலிருந்து அழுத்தப்பட்டதைப் போல விரிந்து, வயிறு தரையில் படப் படுத்திருக்கிறது. வாயும் செவுள் பிளவுகளும் அடியில் இருப்பதால், மணலை உள்ளிழுத்துவிடாமல் மூச்சுவிடக் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரு துளைகள் வழியே நீரை எடுத்துக்கொள்கிறது. கண்கள் மேலே, வாய் கீழே என்பதால் தான் கடிக்கும் இரையை அது பார்ப்பதே இல்லை. மணலுக்குள் புதைந்திருக்கும் சிப்பியையும் நண்டையும் மோப்பத்தாலும், உயிர்களிடமிருந்து கசியும் மெல்லிய மின்புலத்தாலும் கண்டுபிடிக்கிறது. நாக்கு மீனோ ஒருக்களித்துப் படுத்த மீன். முட்டையிலிருந்து வெளிவரும்போது அதன் குஞ்சு மற்ற எந்தக் குஞ்சையும் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்துகிறது. வளரும்போது மண்டையோடு முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கத்துக் கண் தலையைத் தாண்டி மறுபக்கத்துக்கு இடம்பெயர்கிறது. கண்ணில்லாத பக்கம் வெளிறிப் போய்த் தரையாகிவிடுகிறது. ஆக, நாம் நாக்கு மீனின் முதுகு என்று நினைப்பது அதன் விலாப்புறம். இந்த ஒரு செய்திக்காகவே மாணவர்களுக்குத் தனிப் படம் போட்டிருக்கலாம்.

விலாங்கைப் போல நீண்ட உடல்களைக் கட்டுரை "பாம்பு வடிவம்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டது. இடுக்குக்குள் புகவும் பின்னோக்கி வெளியேறவும் அந்த உடல் சிறந்தது. ஆனால் இடுக்கில் வாழும் அஞ்சாலை மீனின் தலை குறுகலானது; வாயறையை அகல விரித்து உறிஞ்ச அதற்கு வழியில்லை. பிறகு எப்படி விழுங்குகிறது? 2007 இல் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்னும் ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள்: அதன் தொண்டைக்குள் பற்களுள்ள இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது, முன்தாடை இரையைக் கவ்வியதும் அது முன்னோக்கி வந்து பற்றி, இரையைத் தொண்டைக்குள் இழுத்துச் செல்கிறது.

இனி, மயில் மீனும் பெட்டி மீனும். மணிக்கு 110 கிலோமீட்டர் என்னும் எண், தூண்டிலில் சிக்கிய மீன் நூலை இழுத்து ஓடிய நேரத்தை வைத்துச் செய்த பழைய மதிப்பீடு. பல பத்தாண்டுகளாக ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தெழுதி நிலைத்துவிட்டது. தசை ஒருமுறை சுருங்க எடுக்கும் நேரத்தை அளந்து, ஒரு வால்வீச்சுக்கு மீன் எவ்வளவு முன்னேறும் என்பதோடு சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு 2016 இல் வெளியானது. அதன்படி மயில் மீனின் உச்ச வேகம் நொடிக்கு 8.3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வேகம் குறைந்ததால் மயில் மீனின் பெருமை குறைந்துவிடவில்லை. மத்தி மீன்களின் கூட்டத்துக்குள் அது தன் நீண்ட அலகை மெல்ல நுழைக்கிறது, கூட்டம் மிரளுவதில்லை. பிறகு அலகைப் பக்கவாட்டில் வெட்டி வீசுகிறது. காயம்பட்டுப் பின்தங்கும் மீனை எடுத்துக்கொள்கிறது. துரத்திப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, மிரளவிடாமல் நெருங்குவதற்கும் அந்த மெல்லிய அலகு அமைந்திருக்கிறது.

பெட்டி மீனைப் பார்த்து 2005 இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் ஒரு மாதிரிக் காரை உருவாக்கியது உண்மைதான். ஆனால் 2015 இல் வெளியான ஆய்வு, பெட்டி மீனின் உடல் நீரின் எதிர்ப்பைக் குறைப்பதில் சிறப்பானதன்று என்றும், அதன் வடிவம் மீனை நேராக நிலைநிறுத்துவதற்குப் பதிலாகத் திருப்பிவிடவே முனைகிறது என்றும் காட்டியது. பவளப்பாறைகளுக்கிடையே பாசியும் கடற்பஞ்சும் சிற்றுயிர்களும் பொறுக்கித் தின்னும் ஒரு மீனுக்கு எளிதில் திரும்புவதுதான் வேண்டும். பாதுகாப்புக்கு எலும்புத் தகடுகளாலான கவசம் இருக்கிறது. ஓடுவதற்கு அதற்கு என்ன அவசரம்?

உணவே எல்லா வடிவங்களையும் விளக்கிவிடும் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். அது இன்னொரு மிகையாகிவிடும். குருசியன் கெண்டை என்னும் மீன், பைக் இல்லாத குளத்தில் மெலிந்த உடலோடு வளர்கிறது. அதே மீன் பைக் உள்ள நீரில் வளர்ந்தால் உடல் மேலும் கீழும் உயர்ந்து பருத்துவிடுகிறது என்று 1992 இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வில் கண்டார்கள். பருத்த உடல் பைக்கின் வாய்க்குள் அடங்காது. ஆனால் நீந்தும்போது எதிர்ப்பு கூடும். இங்கே உடலைத் தீர்மானித்தது தன் வாயில்லை, பிறர் வாய். சிறப்பான வாய் படைத்த மீன்களும் எளிதில் கிடைக்கும் பொது உணவு பெருகியிருக்கும் காலத்தில் அதையே தின்கின்றன. பஞ்ச காலத்தில்தான் அந்தச் சிறப்பு பயன்படுகிறது. ஆகவே வடிவத்தை மட்டும் பார்த்து ஒரு மீனின் உணவை உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

ஆயினும் உணவின் கை எவ்வளவு வலியது என்பதற்கு இரண்டு சான்றுகள். ஐஸ்லாந்தின் திங்க்வல்லவாட்ன் ஏரி, கடைசிப் பனியுகம் முடிந்த பின், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் உருவானது. அதில் ஆர்க்டிக் சார் என்னும் ஒரே இன மீன் இன்று நான்கு உருவங்களில் வாழ்கிறது. அடித்தள நத்தைகளை உண்ணும் இரண்டு வகைகள் மழுங்கிய மூக்கும் குட்டையான கீழ்த்தாடையும் தடித்த உடலும் கொண்டவை. மிதவை உயிர்களைத் தின்னும் வகை மெலிந்து கூரிய முகத்தோடு இருக்கிறது. நான்காவது பிற மீன்களைத் தின்பது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியிலோ, பிற மீன்களின் செதில்களைக் கடித்துத் தின்னும் ஒரு மீனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. சிலவற்றுக்கு இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். பின்னாலிருந்து வந்து இரையின் ஒரு விலாவைக் கடிக்க அது ஏற்றது. ஒரு பக்கத்து வாய்க்காரர்கள் பெருகினால் இரைமீன்கள் அந்தப் பக்கத்தில் விழிப்பாகிவிடுகின்றன, அடுத்த பக்கத்தார் பிழைக்கிறார்கள். இப்படியே இரு வகையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாக நிலைக்கின்றன என்று மிச்சியோ ஹோரி என்னும் ஆய்வாளர் 1993 இல் எழுதினார். படகு வடிவம் என்ற சொல்லுக்குள் இந்தக் கோணல் வாயை எங்கே வைப்பது?

மயில் மீன் படத்துக்குக் கீழே அச்சிட்ட 110 என்னும் எண்ணையும், பெட்டி மீனைப் பற்றிய குறிப்பையும் அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறேன். வெட்டி வைத்துக்கொண்ட மாணவர்கள் அதைத்தான் மனப்பாடம் செய்வார்கள். இந்தப் படவரிசை மீண்டும் வருமானால், ஒவ்வொரு மீனின் பக்கவாட்டுத் தோற்றத்தோடு, எதிரே நிற்கும் இரைக்கு அது எப்படித் தெரியும் என்ற நேர்முகத் தோற்றத்தையும், திறந்த வாயையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். சீலாவும் ஏஞ்சல் மீனும் நேர்முகமாகப் பார்த்தால் இரண்டும் மெல்லியவைதான். ஒன்று சிறு வட்டம், மற்றது நெடுங்கோடு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன்